வேகம் தெரியாத பெட்டி

பூட்டு இருக்கிறது. சாவியும் கையில் இருக்கிறது. ஆனால் சாவித் துவாரம் எங்கே என்று தெரியவில்லை. சில வருடங்களுக்கு முன்பு ஒரு ஞாயிற்றுக்கிழமை ராத்திரி, சென்னையில் என் நண்பனுடைய ஆபீஸில் நாங்கள் மூன்று பேர் இந்த நிலைமையில்தான் உட்கார்ந்திருந்தோம்.

நண்பன் என்னோடு பி.காம். படித்தவன். நான் கணக்கை விட்டுவிட்டுப் பத்திரிகைக்கு வந்தேன். அவன் கணக்கை விடாமல் பிடித்துக்கொண்டு இன்று நாற்பது பேருக்குச் சம்பளம் கொடுக்கிறான். அந்த நாற்பது பேரின் கம்ப்யூட்டர்களையும் டெலிபோன்களையும் இணைப்பது ஒரு ஸ்விட்ச். சுவரில் இருக்கும் லைட் ஸ்விட்ச் இல்லை. இது பீரோ தட்டு அகலத்துக்கு ஒரு தட்டையான இரும்புப் பெட்டி. முன்பக்கம் வரிசையாகக் கேபிள் சொருகும் ஓட்டைகள், பச்சை விளக்குகள். எந்தக் கம்பியில் வந்த தகவல் எந்தக் கம்பிக்குப் போகவேண்டும் என்று பிரித்து அனுப்புவது அதன் வேலை. தபாலாபீஸில் கடிதம் பிரிப்பவர் மாதிரி.

அதை அமைத்துக் கொடுத்தவர் வளைகுடா நாட்டுக்குப் போய்விட்டார். பழைய செல்போன் எண் உபயோகத்தில் இல்லை. அதனால் அதுவரை ஒன்றும் கெட்டுப்போகவில்லை. பெட்டி பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. அப்போதுதான் பேப்பரில் அறிவிப்பு வந்தது. திங்கட்கிழமை காலை 9 மணி முதல் பராமரிப்புப் பணிக்காக மின்தடை.

கரண்ட் போனால் என்ன, திரும்ப வரும்தானே என்று நீங்கள் கேட்கலாம். நானும் அதைத்தான் கேட்டேன். விஷயம் என்னவென்றால், இந்த வகைப் பெட்டிகளுக்கு இரண்டு ஞாபகங்கள் உண்டு. ஒன்று, இப்போது ஓடிக்கொண்டிருக்கும் ஞாபகம். இன்னொன்று, எழுதி வைத்த ஞாபகம். போகிறவர் கடைசி மாதத்தில் நிறைய மாற்றங்கள் செய்திருந்தார். அதையெல்லாம் 'சேவ்' பண்ணிவிட்டுப் போனாரா? தெரியாது. பண்ணாமல் போயிருந்தால், யு.பி.எஸ். ஒன்றரை மணி நேரம் தாக்குப்பிடித்துவிட்டு மூச்சை விடும்போது அந்த ஞாபகமும் சேர்ந்து போய்விடும். எக்ஸெல் ஷீட்டை சேவ் பண்ணாமல் கரண்ட் போன அனுபவம் உங்களுக்கு இருக்கும். இது அதன் அண்ணன்.

உள்ளே போய்ப் பார்த்து சேவ் பண்ணிவிட்டால் முடிந்தது. நெட்வொர்க் வழியாக உள்ளே போகும் கதவை அவர் பாதுகாப்புக்காக மூடிவிட்டிருந்தார். மீதி ஒரே கதவு, பின்பக்கம் 'கன்சோல்' என்று எழுதியிருக்கும் ஒற்றை ஓட்டை. அதில் சீரியல் கேபிளைச் சொருகி லேப்டாப்பில் இணைத்துப் பேசவேண்டும்.

பாஸ்வேர்ட்? நண்பன் வணிகவியல் மாணவன் ஆயிற்றே! லெட்ஜரின் கடைசிப் பக்கத்தில் பத்திரமாக எழுதி வாங்கி வைத்திருந்தான். அவன் வீட்டு மாடியில் குடியிருக்கும் பையன் நெட்வொர்க் கம்பெனி ஒன்றில் வேலை பார்ப்பவன். அவனைக் கூட்டி வந்திருந்தோம். கேபிளைச் சொருகினான். திரையில் வந்தவை எழுத்துகளே இல்லை. கேள்விக்குறி, கட்டம், மேலே புள்ளி வைத்த ஏதோ ஐரோப்பிய எழுத்து, வளைந்த கோடு.

"ஸ்பீடு தப்பு சார். இல்லைன்னா பாரிட்டி. எந்த செட்டிங்ல வெச்சிருக்கார்னு எழுதி வாங்கலையா?"

நண்பன் லெட்ஜரைப் புரட்டினான். ரகசியம் என்று நினைத்ததை எழுதி வாங்கியிருக்கிறான். ரகசியம் இல்லாததை யார் எழுதி வாங்குவார்கள்?

பையன் கேட்டது நாலே நாலு விவரம். வேகம் என்ன, எழுத்துக்கு எத்தனை பிட், பாரிட்டி உண்டா, ஸ்டாப் பிட் எத்தனை. வழக்கமாக 9600, 8, இல்லை, 1 என்று இருக்கும். உலகத்தில் பாதிப் பெட்டிகள் இதற்கு வாய் திறக்கும். இது திறக்கவில்லை. இந்த நாலு எண்களும் எங்கிருந்து வந்தன என்று தேடிப் போனால், கம்ப்யூட்டரைத் தாண்டி, கரண்ட் பல்பையும் தாண்டி, 1870-களின் பிரான்சில் போய் நிற்கவேண்டியிருக்கிறது. கொஞ்சம் போய்விட்டு வருவோம். பெட்டி எங்கேயும் ஓடிவிடாது.

எமில் போடோ என்று ஒருவர். 1845-ல் விவசாயி மகனாகப் பிறந்தவர். ஊர்ப் பள்ளிக்கூடத்தில் ஆரம்பக் கல்வி, அவ்வளவுதான் படிப்பு. 1869-ல் பிரெஞ்சு தந்தி இலாகாவில் சேர்ந்தார். அப்போது தந்தி என்றால் மோர்ஸ் முறை. 'கட்'டும் 'கடா'வும். அதில் ஒரு எழுத்து ஒரு தட்டில் முடியும், இன்னொன்று நாலு தட்டு போகும். மனிதக் காது அதைச் சமாளிக்கும். இயந்திரத்துக்கு இப்படி எழுத்துக்கு ஒரு நீளம் இருந்தால் ஆகாது. போடோ எல்லா எழுத்தையும் ஒரே அளவில் வெட்டினார். ஒவ்வொன்றுக்கும் ஐந்து கூறு. ஒவ்வொரு கூறும் இரண்டில் ஒன்று. மொத்தம் 32 சேர்க்கைகள். 1874-ல் காப்புரிமை வாங்கினார். இன்று 'பிட்' என்று நாம் சொல்கிற சமாசாரத்தை அந்த மனிதர் விரலால் அழுத்திக்கொண்டிருந்தார். நிஜமாகவே விரலால்தான். அவருடைய கருவியில் பியானோ மாதிரி ஐந்தே கட்டைகள். இடது கைக்கு இரண்டு, வலது கைக்கு மூன்று.

ஆனால் அந்தக் கருவியில் ஒரு கொடுமை உண்டு. இந்த முனையில் ஒரு கை வட்டமாகச் சுற்றும். அந்த முனையிலும் ஒன்று சுற்றும். இரண்டும் ஒரே சமயத்தில் ஒரே இடத்தில் இருக்கவேண்டும். அப்போதுதான் முதல் கூறு முதல் கூறாகப் போய்ச் சேரும். அதனால் ஊழியர் தனக்குத் தோன்றியபோது கட்டையை அழுத்த முடியாது. கருவி 'டக்' என்று ஓசை கொடுக்கும். அந்தத் தாளத்துக்குத்தான் அழுத்தவேண்டும். நாள் முழுக்க! தாளம் தப்பினால் எழுத்து தப்பு. தும்மல் வந்தால் என்ன செய்தார்களோ, பாவம்.

கம்பியில் ஒரு வினாடிக்கு எத்தனை கூறு போகிறது என்பதை அளக்க 1920-களில் ஒரு அலகு தேவைப்பட்டபோது அவர் பெயரை வெட்டி 'பாட்' என்று வைத்தார்கள். பையன் சொன்ன 'பாட் ரேட்' அதுதான்.

அடுத்து வந்தவர் நம்ம ஜாதி. அதாவது பத்திரிகைக்காரர். நியூசிலாந்தில் பிறந்த டொனால்ட் மர்ரே. 1901 வாக்கில் அவர் போடோவின் சங்கேதத்தை மாற்றி அடுக்கினார். ஐந்து கட்டைகளுக்குப் பதில் டைப்ரைட்டர் மாதிரி விசைப்பலகை வந்துவிட்டதால் விரல் வலியைப் பற்றிக் கவலை இல்லை. இயந்திரத்தின் தேய்மானம்தான் கவலை. அதிகம் வரும் எழுத்துகளுக்குக் காகித நாடாவில் குறைந்த ஓட்டை விழும்படி செய்தார். 'வரியின் தொடக்கத்துக்குப் போ', 'அடுத்த வரிக்கு இறங்கு' என்ற இரண்டு கட்டளைகளையும் எழுத்துகளோடு எழுத்தாகச் சேர்த்தார். நீங்கள் இன்று என்டர் தட்டும்போதெல்லாம் அவர் எட்டிப் பார்க்கிறார்.

சரி, தாளத் தொல்லை எப்படித் தீர்ந்தது? இங்கேதான் ஒரு உப்பு வியாபாரி வருகிறார்.

சிகாகோவில் ஜாய் மோர்ட்டன் பெரிய உப்பு முதலாளி. அமெரிக்காவில் இன்றும் கடைகளில் கிடைக்கிற மோர்ட்டன் உப்பு அவருடையது. 1902-ல் ஃபிராங்க் பெர்ன் என்ற இளைஞர், அச்சடிக்கும் தந்திக் கருவி செய்யப்போகிறேன், பணம் வேண்டும் என்று அவரிடம் வந்தார். மோர்ட்டன் தங்கள் குடும்பத்துக் குளிர்பதனக் கிடங்கில் இருந்த சார்லஸ் க்ரம் என்ற இன்ஜினீயரைப் பார்க்கச் சொன்னார். வேலை தொடங்கி ஒரு வருடம் போல ஆனதும் பெர்னுக்கு ஆர்வம் வற்றிவிட்டது. வாத்தியார் வேலைக்குப் போய்விட்டார்! யோசனையைக் கொண்டுவந்தவர் கழன்றுகொள்ள, மேற்பார்வை பார்க்க வந்தவர் விடாமல் பிடித்துக்கொண்டார். 1906-ல் சார்லஸின் மகன் ஹோவர்ட் க்ரம் படிப்பை முடித்துவிட்டு அப்பாவோடு சேர்ந்தார். கம்பெனிக்குப் பெயர் மோர்க்ரம். மோர்ட்டனில் பாதி, க்ரம் முழுசு.

1910-ல் ஹோவர்ட் விண்ணப்பித்த காப்புரிமையில் இருந்தது எளிமையான ஒரு யுக்தி. இரண்டு முனைகளும் நாள் முழுக்கச் சேர்ந்து சுற்றவேண்டாம். எழுத்து இல்லாதபோது கம்பியில் கரண்ட் ஓடிக்கொண்டே இருக்கட்டும். எழுத்து வரப்போகிறது என்றால் முதலில் ஒரு கூறு நேரத்துக்குக் கரண்ட்டை நிறுத்து. அந்த முனையின் இயந்திரம் 'ஆஹா, வருது' என்று கிளம்பும். ஐந்து கூறுகளை வாங்கிக்கொள்ளும். பிறகு மறுபடி கரண்ட் ஓடும். இயந்திரம் நின்று அடுத்த எழுத்துக்குக் காத்திருக்கும். முதலில் வருவது ஸ்டார்ட், கடைசியில் வருவது ஸ்டாப். ஒவ்வொரு எழுத்தும் தன் விசிலைத் தானே ஊதிக்கொண்டு வருகிறது. அனுப்புகிறவர் தும்மலாம், காபி குடிக்கலாம், யோசிக்கலாம்.

அதே 1910-ல் நியூயார்க்குக்கும் பாஸ்டனுக்கும் இடையே அவர்கள் கருவி வேலைக்கு வந்தது. கம்பெனி பிறகு டெலிடைப் என்று பெயர் மாறியது. 1930-ல் ஏ.டி. அண்ட் டி. குழுமம் அதை 3 கோடி டாலர் மதிப்புள்ள பங்குகள் கொடுத்து வாங்கிக்கொண்டது. உப்பு விற்ற காசுக்கு இப்படி ஒரு வட்டி! பி.காம். புத்தி, இதை மட்டும் நான் மறப்பதே இல்லை.

ஆனால் கவனியுங்கள். ஸ்டார்ட் என்பது 'எப்போது' என்பதைச் சொல்கிறது. 'எவ்வளவு வேகத்தில்' என்பதைச் சொல்லவில்லை. கரண்ட் நின்ற கணத்திலிருந்து அந்த முனையில் இருப்பவர் தன் கடிகாரத்தை வைத்து 'முதல் கூறு, இரண்டாம் கூறு' என்று எண்ணிக்கொண்டு போகிறார். பத்துக் கூறுள்ள எழுத்தில், கடைசிக் கூறை எண்ணும்போது அரைக் கூறு விலகிவிட்டால் போச்சு. அதாவது இரண்டு கடிகாரங்களுக்கும் சுமார் 5 சதவிகிதம்தான் வித்தியாசம் இருக்கலாம். அதனால் வேகத்தை முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளவேண்டும். அந்தப் பேச்சுவார்த்தை கம்பியில் போவதில்லை. மனிதர்களுக்கு இடையில் நடப்பது. ஒருவர் வளைகுடாவுக்குப் போய்விட்டால் அவரோடு அதுவும் விமானம் ஏறிவிடும்.

1963-ல் வந்த டெலிடைப் மாடல் 33 என்ற இயந்திரம்தான் இந்தப் பழக்கத்தையெல்லாம் கம்ப்யூட்டர் உலகத்துக்குச் சீதனமாகக் கொண்டுவந்தது. வினாடிக்கு 10 எழுத்து அடிக்கும். எழுத்துக்கு 11 கூறு. ஸ்டார்ட் 1, எழுத்து 7, பாரிட்டி 1, ஸ்டாப் 2. ஸ்டாப் எதற்கு இரண்டு? உள்ளே சுழலும் இரும்புச் சாமான்கள் நின்று நிதானிக்க நேரம் வேண்டாமா? பத்தைப் பதினொன்றால் பெருக்கினால் 110. அதுதான் அதன் வேகம். சுழலும் இரும்பு போய்விட்டாலும் ஸ்டாப் பிட் 1-ஆ 2-ஆ என்ற கேள்வி மட்டும் லேப்டாப் திரையில் இன்னும் நிற்கிறது. பையனின் லேப்டாப்பில் அந்தக் கேபிளின் பெயர் 'டிடிஒய் யுஎஸ்பி 0' என்று வந்தது. டிடிஒய் என்பது டெலிடைப்பின் சுருக்கம். நான் வேலைக்குச் சேர்ந்த பத்திரிகை ஆபீஸில் ஒரு டெலிபிரிண்டர் மூலையில் துணி போர்த்திக் கிடந்தது. அது செத்துப்போய்விட்டது என்றுதான் இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

பாரிட்டி என்பது வேறொன்றுமில்லை, நம்ம இருப்பாய்வுதான். எழுத்தில் எத்தனை 'ஒன்று' இருக்கிறது என்று எண்ணு. ஒற்றைப்படையாக இருந்தால் கூடவே இன்னொரு ஒன்றைச் சேர்த்து இரட்டையாக்கி அனுப்பு. அந்த முனையில் ஒற்றைப்படையாக வந்து சேர்ந்தால் வழியில் தப்பு நடந்திருக்கிறது. இரண்டு தப்பு நடந்து ஒன்றை ஒன்று ஈடுசெய்துவிட்டால் கண்டுபிடிக்க முடியாது. இருப்பாய்விலும் அதே ஓட்டை உண்டு, எங்கள் புரொபசர் அதற்காகவே ஒரு மணி நேரம் பாடம் எடுத்தார்.

வேகங்களைப் பொறுத்தவரை 300, 1200, 2400, 4800, 9600 என்று பெரும்பாலும் இரட்டித்துக்கொண்டே வளர்ந்தன. பழைய டெலிபிரிண்டர் வேகமான 75-ஐ இரட்டித்துப் பாருங்கள், இந்த வரிசையில் வந்து நிற்பீர்கள். 1981-ல் வந்த ஐ.பி.எம். பி.சி.யின் சீரியல் பகுதிக்குத் தாளம் போட்டது வினாடிக்கு 18,43,200 முறை துடிக்கும் ஒரு படிகம். பதினாறால் வகுத்தால் 1,15,200. அதுதான் அதில் உச்ச வேகம். இன்று பல புதிய பெட்டிகளுக்கு அதுவே வழக்கமான வேகம். 3காம் ஸ்விட்ச்கள் பலவற்றுக்கு 19200. ஆளுக்கு ஒரு வழக்கம்.

இந்த அவஸ்தை முன்னோர்களுக்குத் தெரியாமல் இல்லை. யூனிக்ஸ் கம்ப்யூட்டர்களில் ஒரு நல்ல ஏற்பாடு இருந்தது. திரையில் குப்பை வந்தால் நீங்கள் 'பிரேக்' விசையை அழுத்துவீர்கள். அது அடுத்த வேகத்துக்கு மாறிப் பேசிப் பார்க்கும். புரிகிறவரை அழுத்திக்கொண்டே போகலாம். 1981-ல் வந்த ஹேய்ஸ் மோடம் இன்னும் கெட்டிக்காரத்தனம். அதற்கு எந்தக் கட்டளை கொடுத்தாலும் ஆங்கிலத்தில் 'ஏ, டி' என்று தொடங்கவேண்டும். அந்தப் பாணி மோடம்கள் 'ஏ' எழுத்தின் ஆரம்பத் துடிப்பை அளந்து உங்கள் வேகத்தைக் கண்டுபிடிக்கும். 'ஏ'-யில் இரண்டு ஒன்று, 'டி'-யில் மூன்று ஒன்று. ஒன்று இரட்டை, ஒன்று ஒற்றை. இரண்டையும் ஒப்பிட்டால் பாரிட்டியும் தெரிந்துவிடும். எச்.பி. நிறுவனத்தின் புரோகர்வ் ஸ்விட்ச்களிலும் என்டரை இரண்டு தட்டு தட்டினால் அதுவே வேகத்தைப் பிடித்துக்கொள்ளும்.

எங்கள் பெட்டி அந்த ரகம் இல்லை. ராத்திரி பத்தரை. நண்பன் மூன்றாவது டீக்குச் சொல்லிவிட்டான்.

பையன் சும்மா ஒவ்வொரு வேகமாகப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தான் என்று நினைக்காதீர்கள். அவன் செய்தது வேறு. "நாம பேசறது அதுக்குப் புரியலைன்னா பரவால்ல சார். அது பேசறதை முதல்ல ஒட்டுக்கேப்போம்" என்றான். யாரும் இல்லாத ஒரு மேஜையின் கேபிளை ஸ்விட்ச்சிலிருந்து உருவினான். உடனே திரையில் ஒரு கொத்துக் குப்பை. திரும்பச் சொருகினான். இன்னொரு கொத்து. ஒரு கம்பி போனாலும் வந்தாலும் கன்சோலில் ஒரு வரி புலம்புவது இந்தப் பெட்டிகளின் வழக்கமாம். எங்களுக்குப் பேச்சுக் கொடுக்க ஒரு வழி கிடைத்துவிட்டது.

அடுத்தது குப்பையின் அளவு. ஒரு வரிக்கு வரவேண்டியதைவிட ரொம்ப அதிகமாகக் கொட்டியது. நாம் 9600-ல் கேட்கிறோம். அது அதைவிட மெதுவாகப் பேசினால், அதன் ஒரு கூறு நமக்குப் பல கூறாகத் தெரியும், ஒரு எழுத்து மூன்று நாலு எழுத்தாக உடையும். அது வேகமாகப் பேசினால் பல எழுத்து ஒன்றாக நசுங்கும், குப்பை குறையும். ஆக, மேலே போகவேண்டாம், கீழே இறங்கவேண்டும். 4800. குப்பைதான், ஆனால் கொஞ்சம் குறைவு. 2400.

"சார், இங்க பாருங்க!"

பாதி எழுத்துகள் எழுத்துகளாக இருந்தன. கேபிளை உருவினால் வரியின் கடைசியில் 'டவுன்' என்று வரவேண்டும். ஆங்கிலத்தில் நாலு சின்ன எழுத்து. நடுவில் இருக்கும் 'ஓ', 'டபிள்யூ' இரண்டும் சுத்தமாக வந்தன. முதலில் இருக்கும் 'டி'யும் கடைசியில் இருக்கும் 'என்'னும் கோணல். திரும்பச் சொருகினால் வரவேண்டிய 'அப்' இரண்டு எழுத்துமே கோணல். பையன் ஒரு காகிதம் எடுத்து எழுதினான். சின்ன 'ஓ'வில் ஆறு ஒன்று. 'டபிள்யூ'வில் ஆறு. இரட்டைப்படை. 'டி'யில் மூன்று, 'என்'னில் ஐந்து, 'யூ'வில் ஐந்து, 'பி'யில் மூன்று. எல்லாம் ஒற்றைப்படை! அந்த எழுத்துகளோடு மட்டும் கூட ஒரு ஒன்று ஒட்டிக்கொண்டு வருகிறது. எட்டு பிட்டாக வாங்கியதால் அதையும் நாம் எழுத்தின் பகுதி என்று நினைத்துவிட்டோம். அப்படியானால் எழுத்துக்கு ஏழு பிட், பாரிட்டி இரட்டை.

2400, 7, இரட்டை, 1. என்டர்.

திரை ஒழுங்கான ஆங்கிலத்தில் பாஸ்வேர்ட் கேட்டது. நண்பன் லெட்ஜரைத் திறந்து ஒவ்வொரு எழுத்தாகச் சொல்ல, பையன் அடித்தான். உள்ளே போய் ஓடுகிற ஞாபகத்தையும் எழுதி வைத்த ஞாபகத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தான். எழுதி வைத்ததில் கடைசி மாத மாற்றங்கள் ஒன்றுகூட இல்லை. மாடியில் புதிதாகப் போட்ட டெலிபோன்கள், கணக்குப் பிரிவுக்குத் தனியாகப் பிரித்த இணைப்பு, எல்லாம் மின்சாரத்தின் தயவில் மட்டும் உயிரோடு இருந்தன. சேவ் பண்ணினான். மணி 11:40.

2400 ஏன் என்பதற்கு விடை ரேக்கின் உச்சியில் இருந்தது. தூசு படிந்த ஒரு பழைய மோடம். டெலிபோன் வயர் அறுந்து தொங்கியது. அந்த மனிதர் ராத்திரியில் ஏதாவது கோளாறு என்றால் வீட்டிலிருந்தே போன் போட்டு கன்சோலுக்குள் வந்து சரிசெய்திருக்கிறார். இரைச்சலான லைனில் தப்பு தெரியட்டும் என்று பாரிட்டியும் வைத்திருக்கலாம். அவரை அதுவரை திட்டிக்கொண்டிருந்த நண்பன் மோடத்தைத் துடைத்து மேஜை மேல் வைத்தான்.

பிறகு லெட்ஜரின் கடைசிப் பக்கத்தில் பாஸ்வேர்டுக்குக் கீழே '2400, 7, இரட்டை, 1' என்று பெரிய எழுத்தில் எழுதி, கோடும் போட்டான். அவன் மூடி வைப்பதற்குள் பையன் திரும்பி, "சார், இனிமே எல்லாருக்கும் ஈஸியா இருக்கட்டும்னு அதை 9600-க்கு மாத்திட்டேன்" என்றான். நண்பன் என்னைப் பார்த்தான். மறுபடி பேனாவை எடுத்து, எழுதியதை அடித்துவிட்டு, பக்கத்தில் தேதி போட்டுக் கையெழுத்தும் வைத்தான்.